சாவி யார் கையில்?
அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகள் பற்றி ஒரு வியாபாரியின் மதிப்பீடு

மலர்க்குழு அன்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, வழக்கம்போல் சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நயினார் வீட்டில் பிறந்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? ஆனால் இந்த முறை அயோத்திதாசப் பண்டிதரை எடுத்துக்கொண்டேன். அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. வெல்ல மண்டியில் உட்கார்ந்துகொண்டு, வியாபாரம் மந்தமான நேரத்தில் படித்தவன். எனவே பேராசிரியர்கள் செய்வது போன்ற ஆய்வை இதில் தேட வேண்டாம். பேரேடு பார்க்கிற கண்ணால் ஒரு புத்தகத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரை.

பண்டிதரை எனக்கு அறிமுகம் செய்தது புத்தகம் அல்ல, ஒரு மனிதர். ஏறக்குறைய 1985ஆம் வருஷம். சித்தூரில் எங்கள் மண்டியில் வயதான அமாலி ஒருவர் இருந்தார். மூட்டை தூக்கும் வயது தாண்டிவிட்டது. அச்சு வெல்லத்தைத் தரம் பிரிப்பது, கூடை எண்ணுவது என்று இருந்தார். இளமையில் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். கடைச் சுவரில் திருக்குறள் போட்ட நாள்காட்டி ஒன்று தொங்கும். ஒருநாள் அதை எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்துவிட்டு, "இது எங்க பகவன் புஸ்தகம் சின்ன மொதலாளி" என்றார். "இல்லீங்க பெரியவரே, ஆதிபகவன்னா எங்க ரிஷபதேவர்" என்று நான் மறுத்தேன். அவர் விடவில்லை. "புத்தரு! பண்டிதரு எழுதி வெச்சிருக்காரு" என்றார். எந்தப் பண்டிதர் என்று அன்று எனக்குத் தெரியாது. மூட்டை தூக்குகிறவருக்கு இவ்வளவு எழுத்து எப்படி வந்தது என்று கேட்டேன். சாம்பியன் ரீப்பில் பௌத்த சங்கத்தின் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒரு பேச்சு இன்றும் என் காதில் இருக்கிறது. "அந்த எடத்துக்கு எங்க கூலியிலேர்ந்து வாடக கட்டினோம். சாவி எங்க கையில. அங்க மட்டும் நான் தல நிமிந்து நொழைவேன்."

அந்தச் சாவியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பண்டிதர் யார்?

அயோத்திதாசர் 1845இல் சென்னையில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் சமையல் வேலை பார்த்தவர். திருக்குறள் ஓலைச்சுவடி இவர் வீட்டிலிருந்துதான் எல்லீஸ் துரை கைக்குப் போனது என்பது பண்டிதர் சொல்லும் செய்தி. வளர்ந்தது நீலகிரியில். அங்கே முதலில் அத்வைதானந்த சபை நடத்தினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடுத்த எடுப்பில் பௌத்தராக வந்தவர் அல்லர் அவர். கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காததால் சொந்த வீடு கட்டியவர்.

தட்டிய கதை இது. 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். அடுத்த வருஷம் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், எங்கள் மக்களை விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் விட வேண்டும், பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி வேண்டும் என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கை தூக்கிய சபை கோயில் என்றதும் எகிறியது. உங்களுக்குத்தான் கருப்பண்ணன் முதலான சாமிகள் இருக்கிறார்களே, அவர்களைக் கும்பிடுங்கள் என்ற பொருளில் தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

1898இல் கர்னல் ஆல்காட் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகர் முன்னிலையில் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று "ஒரு பைசாத் தமிழன்" என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. ஒரு வருஷம் கழித்து "தமிழன்" ஆயிற்று. 1914 மே 5 அன்று காலமாகும் வரை வாரம் தவறாமல் எழுதினார். "இந்திரர் தேச சரித்திரம்", "ஆதிவேதம்" எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. பிறகு நாடு அவரை ஏறக்குறைய எண்பது வருஷம் மறந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் அவருடைய எழுத்துகளை இரண்டு பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தது. 2003இல் மூன்றாம் தொகுதி வந்தது. 2005இல் அஞ்சல்தலை, 2023இல் சென்னை கிண்டியில் மணிமண்டபம். நான் முதல் இரண்டு தொகுதிகளைச் சென்னையில் வாங்கி ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். அந்தப் பெரியவர் அப்போது உயிரோடு இல்லை.

ஒரு ஜைனன் மறுக்கும் இடங்கள்

நேர்மையாகச் சொல்கிறேன். சரித்திரம் என்று பார்த்தால் பண்டிதரின் எழுத்தில் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஐம்பொறிகளை வென்ற புத்தரே "ஐந்திரர்", அதுவே "இந்திரர்", அதனால் இந்நாடு "இந்தியா" என்கிறார். சிந்து நதியின் பெயர் பாரசீகர், கிரேக்கர் வாயில் திரிந்து வந்தது என்று பள்ளிப் பையனுக்கும் தெரியும். தீபாவளியைப் பற்றி எழுதும்போது, நல்லெண்ணெய் எடுக்கும் முறையைப் பௌத்தர்கள் கண்டறிந்து, தேய்த்து முழுகி மகிழ்ந்த நாள் என்கிறார். கார்த்திகை தீபத்துக்கு ஆமணக்கெண்ணெய். எங்கள் வீட்டிலோ தீபாவளி என்பது பாவாபுரியில் மகாவீரர் முக்தி அடைந்த நாள். அன்று விடியற்காலை விளக்கு ஏற்றுவது அதற்காக. பக்கத்து வீட்டுக்காரருக்கு நரகாசுரன் செத்த நாள். ஒரே எண்ணெய், மூன்று கதை!

குறள் விஷயத்திலும் எங்களுக்கும் பண்டிதருக்கும் வழக்கு உண்டு. எங்கள் சமூகத்தில் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1949இல் கவிராஜ பண்டிதர் உரையோடு குறளைப் பதிப்பித்து, ஏலாசாரியர் செய்த ஜைன நூல் அது என்று வாதாடினார். அயோத்திதாசர் அதைத் "திரிக்குறள்" என்றும் திரிபிடகத்தின் வழிநூல் என்றும் சொல்கிறார். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்று இப்போது எனக்குப் படுகிறது. சிறிய சமூகம், பெரிய புத்தகம். அந்தப் புத்தகம் எங்களுடையது என்றால் எங்களையும் ஒரு பொருட்டாக மதிப்பார்கள் என்ற ஆசை இருவரிடமும் இருந்தது.

திருமலை விஷயத்திலும் இதே கதைதான். சைவர் ஒரு பக்கம், வைணவர் ஒரு பக்கம் வழக்காடி, இராமானுசர் தீர்த்து வைத்தார் என்பது வைணவ மரபு. அது நேமிநாதர் கோயில் என்று எங்களவர் சொல்வதுண்டு. பௌத்தக் கோயில் என்று ஜமனாதாஸ் என்ற மருத்துவர் 1991இல் ஆங்கிலத்தில் புத்தகமே போட்டார். அவனவன் பழைய பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தாலும் இன்றைக்கு எந்த நீதிமன்றம் வீட்டைக் காலி செய்து கொடுக்கப் போகிறது?

ஆகவே, "பறையர் என்போர் பூர்வ பௌத்தர், வேஷ பிராமணரால் தாழ்த்தப்பட்டவர்" என்ற பண்டிதரின் தலையாய கொள்கையைச் சரித்திரச் சான்றாக நான் வைக்க மாட்டேன். ஆனால் தொகுதிகளை மூடி வைத்தபின் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சரித்திரம் தப்பு என்றால், அந்தப் பெரியவர் தலை நிமிர்ந்தது எதனால்?

கதை வேறு, கணக்கு வேறு

அதற்குப் பதில் பண்டிதரின் பெரிய கட்டுரைகளில் இல்லை, "தமிழன்" பத்திரிகையின் ஓரங்களில் வருகிற சின்னச் செய்திகளில் இருக்கிறது. எந்த ஊரில் சங்கக் கிளை கூடியது, யார் தலைமை வகித்தார், யார் சந்தா அனுப்பினார், எந்த வீட்டுக் கல்யாணம் பௌத்த முறையில் நடந்தது. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், கடல் தாண்டி ரங்கூன், நேட்டால் வரை கிளைகள் இருந்தன.

தங்கவயலை நம் சித்தூர்க்காரர்கள் வேற்றூராக நினைக்கக் கூடாது. 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரியும் வரை நாம் எல்லாரும் வடஆர்க்காடுதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கம் தொடங்கியபோது, கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் இந்த ஆர்க்காட்டுச் சீமைச் சேரிகளிலிருந்து போன தமிழர்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. பாறை வெடிப்பு, தூசு, நுரையீரல் நோய். எல்லாம் இருந்தும் கிராமத்தில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. மாதச் சம்பளம். ஆண்டையின் நெல் அல்ல, கையில் காசு. அந்தக் காசிலிருந்து சந்தா கட்டினார்கள். சங்கத்துக்கு இடம் பிடித்தார்கள், பள்ளி நடத்தினார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள். பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன "தமிழன்", ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1926இல் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சாம்பியன் ரீப்பில் அச்சான புத்தகங்களோ நூலகங்களில் இன்னும் இருக்கின்றன.

வியாபாரியின் கணக்கில் இதை எழுதிப் பார்த்தேன். வரவு: கூலிக்காரர் சந்தா. செலவு: வாடகை, காகிதம், வாத்தியார் சம்பளம். தலைவர்: சந்தா கட்டியவர்கள் தேர்ந்தெடுத்தவர். பிறப்பு, கல்யாணம், சாவு: வெளியாள் வந்து மந்திரம் சொல்லத் தேவையில்லை. ஜனக்கணக்கு வந்தால், சாதிபேதமற்ற திராவிடர் என்று சொல்லவும் பௌத்தர் என்று பதியவும் தைரியம். ஒரு சமூகம் தன் காசில், தன் கட்டடத்தில், தன் வாயால் பேசக் கற்றுக்கொண்டது. பழங்கதை ஒரு பந்தல்கால். பந்தலுக்குக் கீழே நடந்த காரியம்தான் நிஜம்.

அமெரிக்காவில் ஒரு கொல்லன் பட்டறை

இது நம் ஊர் விஷயம் மட்டும் அல்ல. அமெரிக்கக் கருப்பின மக்களின் முன்னேற்றத்தில் தேவாலயத்தின் பங்கு என்ன என்று படித்தபோது, தங்கவயலையே இன்னொரு தேசத்தில் பார்த்தது போல் இருந்தது.

ரிச்சர்ட் ஆலன் என்பவர் அடிமையாகப் பிறந்து, விலை கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டவர். பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கருப்பர்களைப் பாதி ஜெபத்தில் இழுத்து எழுப்பினார்கள். அவர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். ஆலன் ஒரு பழைய கொல்லன் பட்டறையை வாங்கி, தம் மனையில் கொண்டுவந்து வைத்து, 1794இல் பெத்தேல் ஆலயமாக்கினார். அதோடு கதை முடியவில்லை. சொத்துப் பத்திரத்தின் வாசகத்தை வைத்துக்கொண்டு வெள்ளையர் சபை உரிமை கொண்டாடியது. பல வருஷ இழுபறிக்குப் பின் 1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை தனியாக அமைந்தது. பைபிள் இரு தரப்புக்கும் ஒன்று, கீர்த்தனை ஒன்று. சண்டை வேதத்துக்கு அல்ல, சாவிக்கு!

அந்தச் சாவியின் பலன் 1955இல் தெரிந்தது. டிசம்பர் 1 அன்று மான்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பஸ்ஸில் இடம் விட மறுத்துக் கைதானார். நான்கு நாள் கழித்து ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஜனங்கள் கூடினார்கள். 381 நாள் பஸ் ஏறவில்லை. தலைவராக வந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது 26. அவ்வளவு சின்ன வயதுக்காரரால் எப்படி முடிந்தது? அவருக்குச் சம்பளம் கொடுத்தது அவருடைய சபை. வெள்ளை முதலாளி வேலையை விட்டு நீக்க முடியாது. வாத்தியாருக்கும் வேலைக்காரிக்கும் இல்லாத பாதுகாப்பு அது. ஜனங்களை ஏற்றிச் செல்ல வாங்கிய வண்டிகளைத் தேவாலயங்களின் பெயரில் பதிந்தார்கள். உள்ளூர்க் கம்பெனிகள் இன்சூரன்ஸை ரத்து செய்தபோது லண்டன் லாய்ட்ஸில் போட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. விடுதலைப் போராட்டத்தின் உள்ளே ஒரு நல்ல கணக்குப்பிள்ளை இருந்திருக்கிறான்.

அவர்களுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. ஜோதிராவ் புலே 1873இல் தம் "குலாம்கிரி" நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். கருப்பினத் தத்துவ அறிஞர் ஹோவர்ட் தர்மன் 1936இல் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கிங் 1959இல் இந்தியா வந்தார்.

நம் பக்கத்துக் கணக்கு

இனி இந்த உரைகல்லை நம் ஊரில் உரைத்துப் பார்ப்போம்.

1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன் சித்தூரில் பள்ளிகளை நடத்தியது. ஸ்கடர் குடும்பத்தாரின் வைத்தியத் தொண்டு ஊரறிந்தது. வடக்கே ஓங்கோலில், தாது வருஷப் பஞ்சத்தை அடுத்து 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர். திருப்பதியில் ஜெர்மன் லூத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில்தான் பிற்காலக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் 1896 முதல் படித்தார். அரிசிக்காக மாறினார்கள் என்று இவர்களை ஏளனம் செய்வது நம்மவர் வழக்கம். பசித்தவனுக்கு அரிசி போடாத சமயம் அடுத்தவன் போட்ட அரிசியைப் பழிப்பது எந்த ஊர் நியாயம்? மிஷன் எழுத்து கொடுத்தது, மருந்து கொடுத்தது. ஆனால் நெடுங்காலம் சாவி கடல் தாண்டியிருந்த போர்டின் கையில் இருந்தது. அதோடு இன்னொரு சிக்கல். 1950 ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கே என்றாகி, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவரானவருக்கு விரியவில்லை. ஆந்திரத்தில் அவர்கள் பிசி-சி பிரிவில், 1 சதவீத ஒதுக்கீட்டில் நிற்கிறார்கள். சமயம் ஒரு ஏணி என்றால், ஏறியபின் அரசாங்கம் ஒரு படியை உருவிவிட்டது.

இந்துவாகவே நின்று செய்தவரும் உண்டு. ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். மிஷன் பள்ளியில் படித்தும் மதம் மாற மறுத்தவர். அவர் குடும்பமும் பிழைப்புக்குத் தங்கவயல் போனதுதான். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, அதிலிருந்து எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சட்டசபையிலும் பேசினார். பண்டிதரின் கொள்கைக்கு நேர் எதிர்க் கொள்கை. ஆனால் பள்ளியும் மடமும் அவர்கள் நடத்தியவை. பலன் விளைந்தது. எனவே எந்தச் சமயம் என்பது இரண்டாவது கேள்வி. நடத்துகிறவர் யார் என்பதுதான் முதல் கேள்வி.

திருப்பதியில் தேவஸ்தானம் 2007 வாக்கில் "தலித கோவிந்தம்" என்று ஒரு திட்டம் நடத்தியது. உற்சவ மூர்த்தியைத் தலித் குடியிருப்புகளுக்கு எழுந்தருளச் செய்து கல்யாண உற்சவம் நடத்தினார்கள். பரம்பொருள் ஒன்றே, அதன் முன் உயர்வு தாழ்வு இல்லை என்று ஐந்நூறு வருஷத்துக்கு முன் பாடிய அன்னமாச்சாரியார் வாழ்ந்த பூமி அல்லவா. நல்ல காரியம்தான். பெருமாள் வாசலுக்கு வந்தார் என்று கண்ணீர் விட்டவர்களின் பக்தியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மாலையில் பெருமாள் திரும்பிப் போனபோது சாவியும் கூடவே போய்விட்டது. மறுநாள் காலை அந்தத் தெருவில் ஒரு பள்ளி, ஒரு சங்கம், ஒரு பொறுப்பாளர் புதிதாக முளைக்கவில்லை என்றால், அது தரிசனம். முன்னேற்றம் வேறு.

குறைகளும் உண்டு

பண்டிதர் இயக்கத்தைப் புகழ்ந்து மட்டும் முடித்தால் மதிப்பீடு ஆகாது. மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, எல்லாம் ஒரு தலைவரின் பேனாவில் நின்றது. அவர் போனதும் பத்திரிகை தள்ளாடியது, சங்கங்கள் தனித்தனியாயின. கருப்பினச் சபைகளிலும் இதே குறையை எல்லா பேக்கர் அம்மையார் எடுத்துக் காட்டினார். பாதிரியார் ஒருவரை நம்பி நிற்கிற இயக்கம் பலவீனமானது என்பது அவர் கட்சி.

இரண்டு, பெண்கள். "தமிழன்" இதழில் ஸ்வப்பனேஸ்வரி அம்மாள் போன்றோர் எழுதினார்கள் என்பது பெருமை. ஆயினும் மேடையில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண்களே. மான்ட்கமரியிலும் துண்டுப் பிரசுரம் அச்சடித்து ஊரெல்லாம் பரப்பியது ஜோ ஆன் ராபின்சன் என்ற பெண்மணி. பிரசங்க பீடத்தில் நின்றவர்கள் ஆண்கள்.

மூன்றாவதுதான் பெரிய குறை. பண்டிதர் "தாழ்த்தப்பட்டவர்" வேறு, "தாழ்ந்தவர்" வேறு என்று பிரித்தார். தம் மக்கள் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள். சக்கிலியர், குறவர், தோட்டி முதலானோரோ தம் செயலால் தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். சாதிபேதமற்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் தமக்குக் கீழே ஒரு கோடு போட்டார். ஆந்திரத்தில் வாழ்கிற நமக்கு அந்தக் கோட்டின் விலை தெரியும். மாலர், மாதிகர் பூசல் 1994இல் மாதிக தண்டோராவாகக் கிளம்பி, உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை முப்பது வருஷம் ஓடியது. பழம்பெருமையில் கட்டுகிற வீட்டுக்கு இது ஒரு ஆபத்து. நான் அந்தக் காலத்தில் உயர்ந்தவன் என்று சொல்லத் தொடங்கினால், யாரோ ஒருவர் அந்தக் காலத்திலும் தாழ்ந்தவராக வேண்டியிருக்கிறது.

எங்கள் கணக்கும் இருக்கிறது

பிறர் பேரேட்டைப் புரட்டியவன் தன் பேரேட்டையும் திறக்க வேண்டும். பொன்னை பக்கத்தில் வள்ளிமலையில் கங்க அரசன் இராஜமல்லன் காலத்து ஜைனக் குகை இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும். 1887இல் சாமிநாதையர் சிந்தாமணியை அச்சேற்றியபோது கும்பகோணத்து ஜைனர்கள் பொருள் சொல்லி உதவினார்கள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வோம். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பது எங்கள் ஆகமம். எறும்பை மிதிக்காமல் நடப்போம், பொழுது சாயுமுன் உண்போம். ஆனால் எங்கள் மண்டியில் அந்தப் பெரியவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி அலுமினிய டம்ளர் இருந்தது. என் தகப்பனார் வைத்தது. நானும் அதிலேதான் ஊற்றிக் கொடுத்தேன். குறளில் ஆதிபகவன் யார் என்று அவரோடு வாதாடியவன், அந்த டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. "அங்க மட்டும்" என்று அவர் சொன்னாரே, அந்த "மட்டும்" என்ற சொல்லில் எங்கள் மண்டியும் அடங்கும் என்பது பண்டிதரைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

மாநிலம் விட்டு வந்து வாழும் நாமும் சமயத்தின் பெயரால்தான் முதலில் ஒன்று கூடுகிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, மார்கழிக்குத் திருப்பாவை, அதற்கு ஒரு கமிட்டி, ஒரு மண்டபம், ஒரு ரசீதுப் புத்தகம். தவறே இல்லை. சிறுபான்மையாக வாழ்கிறவனுக்குக் கோயில்தான் முதல் சங்கம், அதுவே முதல் பள்ளிக்கூடம். ஆனால் அந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். யார் பெயர் கொடையாளர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் கமிட்டியில் இருக்கிறது, பந்தல் போட்டு, பாத்திரம் கழுவி, மூட்டை தூக்கியவர் பெயர் எங்கே இருக்கிறது? அவருடைய பேரப்பிள்ளை என்றாவது அந்த மண்டபத்தைத் தன் கையால் திறக்க முடியுமா?

பண்டிதர் எழுதிய சரித்திரத்தை மறுக்கலாம். நான் மறுக்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நம் ஊர்க் கோயில்களும் பள்ளிகளும் சபைகளும், எங்கள் ஜினாலயங்களும் சேர்த்துத்தான், இன்னும் பதில் பாக்கி வைத்திருக்கின்றன. வியாபாரத்தில் பாக்கியை மறந்தவன் நிலைத்ததில்லை.